தாங்குவோர் இல்லாத ஞாயிறு

வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குவதுதான் அவனுக்குத் தொழில். பீரோவைத் தனி ஆளாகப் படியில் இறக்குவான் என்பதால் எல்லோருக்கும் அவன் பீரோ. சபையிலும் அதே பெயர்தான். போதகர் தலையில் கைவைத்து ஜெபிக்கும்போது பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தில் சாய்கிறவர்களைப் பின்னால் நின்று தாங்கி, தரையில் கிடத்தும் ஊழியம் அவனுக்குக் கிடைத்ததும் அந்தத் தோளை நம்பித்தான். டயர் கடைக்கு மேலே சபை கூடும் அந்த ஹாலில் அவன் கைக்கு வராத முதுகு கிடையாது. அவன் மட்டும் ஒருநாளும் விழுந்ததில்லை. தாங்குகிறவனே விழுந்தால் சபை என்னத்துக்கு ஆகும்?

தாங்கித் தாங்கி அவனுக்குள் ஒரு குடைச்சல் வந்திருந்தது. சிலர் விழுமுன் ஓரக்கண்ணால் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலர் முழங்காலை மடக்கி, புடவை கசங்காமல், பதவிசாகச் சரிவார்கள். வெட்டிய மரமாக வருகிறவர்கள் ஓரிருவர்தான். அதில் ஒருத்தி அவன் மனைவி. பள்ளிச் சீருடை தைக்கிறவள். விரலில் ஊசி குத்தினால் ஊரைக் கூட்டுகிறவள், அங்கே சத்தமே இல்லாமல் சாய்வாள். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். தன்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லையே என்று அவனுக்குப் பொறாமைகூட உண்டு.

"அப்ப உனக்கு என்னதான் ஆகுது?" என்று கேட்டால், "தெரிஞ்சா சொல்லமாட்டேனா?" என்பாள்.

அவளுடைய அண்ணன் பள்ளி வாத்தியார். எழுந்திரு என்றால் எழுந்து, உட்கார் என்றால் உட்காரும் பழைய சபை ஒன்றைச் சேர்ந்தவர்; இப்படி விழுவதெல்லாம் அங்கே கிடையாது. ஒருநாள் டீ குடிக்க வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மாப்பிள்ளை, குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலம்பாங்க. உங்க சபையில மல்லாக்க விழுந்தாக்கூட முடியில தூசி ஒட்டறதில்லையே! பின்னால நிக்கற உங்கள எடுத்துட்டா ஒருத்தர் விழுவாங்களா? விழுந்தா நானே அங்க வந்து சேர்ந்துடறேன்."

அவள் தையல் மிஷினை நிறுத்தவே இல்லை. அண்ணனோடு மல்லுக்கு நிற்பாள் என்று எதிர்பார்த்த பீரோவுக்கு அதுவே ஆச்சரியம்.

அந்த வாரமே போதகர் அறிவித்தார்: "ஒருத்தங்க வந்து கேட்டாங்க. நியாயமான கேள்விதான். வர்ற ஞாயித்துக்கிழமை தாங்குறவங்க யாரும் வேண்டாம். ஆண்டவர் சாய்ச்சா ஆண்டவரே தாங்கட்டும்."

இடுப்பில் கம்பி வைத்துத் தைத்த உடம்பு பீரோவின் மனைவியுடையது. கீழே இருப்பதோ டைல்ஸ் தரை. விழுந்தால் இடுப்பு போய்விடும். விழாவிட்டால் அந்தச் சிரிப்பு போய்விடும். எது நடந்தாலும் நஷ்டம் என்று தெரிந்தும், என்னதான் ஆகும் என்று பார்க்கிற ஆசை மட்டும் அவனை விட்டபாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்தான். வாத்தியாரும் கையைக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார். பாட்டு உச்சத்துக்குப் போனது. போதகர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்தார். போன வாரம்வரை சாய்ந்து விழுந்தவர்களெல்லாம் இன்று நட்டு வைத்த கம்பமாக நின்றார்கள். வாத்தியார் செருமினார்.

அவள் முறை வந்தது. கை தலையில் பட்டது. அசையாமல் நின்றாள். பிறகு லேசாக ஆடினாள். அவ்வளவுதான், பீரோ எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. நாற்காலிகள் சடசடவென்று சரிய, ஓடிப்போய்த் தாங்கிவிட்டான்.

அவள் கண்ணைத் திறந்தாள். சிரிப்பு இல்லை.

ஹால் இரண்டாகப் பிரிந்தது. "நாற்காலிச் சத்தம் கேட்ட பிறகுதான் சாஞ்சா" என்றார் வாத்தியார். "சாஞ்ச பிறகுதான் சத்தமே வந்துச்சு" என்றது சபை. சத்தியம் பண்ணாத குறையாக இரண்டு பக்கமும் அடித்துப் பேசியது. பார்த்திருக்க வேண்டியவன் பீரோ. ஆனால் ஓடுகிற அவசரத்தில் அவன் எதையும் பார்க்கவில்லை.

வெளியே படிக்கட்டில் அவள் வெடித்தாள்.

"யாரு உங்கள ஓடிவரச் சொன்னா?"

"உன் இடுப்பு..."

"என் இடுப்புதானே? போதகர்கிட்ட போய்க் கேட்டதே நான்தாங்க!"

பீரோ ஒரு படி இறங்கி நின்று அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணன் சொன்னதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. ஆண்டவர் தொட்டு விழறேனா, இல்ல பின்னால நீங்க நிக்கறீங்கங்கற தைரியத்துல விழறேனா? தெரிஞ்சுக்கலாம்னு பார்த்தேன். கெடுத்துட்டீங்க."

அந்தச் சிரிப்பில் தனக்கும் ஒரு பங்கு இருந்திருக்குமோ? இத்தனை நாளும் அவனுக்கு இது தோன்றியதே இல்லை.

"அடுத்த வாரம் மறுபடி நின்னு பாரு. நான் வீட்டுலயே இருந்துடறேன்."

"சத்தியமா?"

அவன் டயர் கடைப் பலகையைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான்.

"அப்ப இது கடைசிவரைக்கும் தெரியப்போறதில்ல" என்றாள். பிறகு, இறங்குவதற்காக, வழக்கம்போல் அவன் தோளில் கையை ஊன்றினாள்.