முப்பத்து மூன்று டிகிரி

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அந்த நல்ல குணத்தால்தான் என் எட்டு மாத உழைப்பு நாசமாய்ப் போனது.

நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறோம். நான் செல் வளர்ப்பவள், அவர் இயந்திரங்களைப் பராமரிப்பவர். பார்வை மங்கும் குழந்தைகளின் கண்ணுக்குள் மரபணு மருந்தைச் சுமந்துபோக ஒரு வைரஸ் வேண்டும். அதைத் தயாரிப்பவை என் செல்கள். வைரஸுக்கான டிஎன்ஏவை உள்ளே செலுத்தியதும், செல்கள் வளரும் கலனின் வெப்பத்தை முப்பத்தேழிலிருந்து முப்பத்து மூன்றுக்கு இறக்கினால், செல்கள் பெருகுவதை விட்டுவிட்டு வைரஸ் வேலையில் இறங்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் எட்டு மாதம். சின்னக் குடுவைகளில் இரண்டு மடங்கு வைரஸ் கிடைத்தது. வெள்ளிக்கிழமை முதல் தடவையாகப் பெரிய கலனில் வெப்பத்தை இறக்கினேன்.

திங்கள் காலை போய்ப் பார்க்கிறேன், திரையில் முப்பத்தேழு! உச்சந்தலை வரை சூடேறியது. மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், செல்கள் கண்டபடி பெருகி, தீனி தீர்ந்து, பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. பதிவேட்டைப் புரட்டினேன். சனிக்கிழமை, பத்தேகால் மணி: ‘வெப்பம் குறைந்திருந்தது. 37க்குச் சரிசெய்யப்பட்டது.’ கீழே கையெழுத்து. எங்கள் கல்யாணப் பதிவில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதே கோணல் கையெழுத்து.

பட்டறைக்கு ஓடினேன். ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“உங்களை யாரு அதுல கை வைக்கச் சொன்னது?”

“நாலு டிகிரி இறங்கிக் கிடந்துச்சு. ஹீட்டர் போயிடுச்சுன்னு நினைச்சேன். உன் செல்லெல்லாம் குளிர்ல செத்துடுமேன்னு...”

“இப்ப மட்டும் உயிரோட இருக்கா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

“மூணு தடவை போன் போட்டேன்.”

தன் தங்கை குடும்பம் ஒரு மாதம் எங்கள் வீட்டில் தங்கலாம் என்று என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார் என்று வியாழக்கிழமையிலிருந்து நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். சனிக்கிழமை அவர் பெயர் திரையில் வந்தபோதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்தது நான்தான். நல்லா அடிச்சுட்டே இருக்கட்டும் என்று வேறு நினைத்தேன்.

பதினோரு மணிக்கு மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எதையும் முழுதாகக் கேட்கப் பொறுமை இல்லாத ஆள். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சுருக்கமா’.

“சுருக்கமா சொல்லுங்க. யாரு மாத்தினது?”

“நான்தான் சார்,” என்றார் இவர், உடனே.

“போன வருஷம் ஒரு வால்வு, இப்ப இது. ஏற்கனவே ஒரு எச்சரிக்கை வாங்கியிருக்கீங்க. இன்னொண்ணுன்னா வேலையை விட்டு அனுப்புறதுதான், தெரியும்ல?”

தெரியும். இவரோ தரையைப் பார்த்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார். ஒரு வார்த்தை என்னைப் பற்றிச் சொல்லவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. சண்டை போடத் தெரியாத மனுஷனோடு எப்படித்தான் குடும்பம் நடத்துவது?

கோட்டுப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். யார் வெப்பத்தை மாற்றினாலும் அதை எழுதி, பராமரிப்பில் கையெழுத்து வாங்கி, கலனில் மாட்ட வேண்டும். ‘33, மாற்றக் கூடாது’ என்று எழுதி வைத்திருந்தேன். கையெழுத்துக் கட்டம் காலி.

“இது மாட்டியிருந்தா அவர் தொட்டிருக்க மாட்டார், சார். தப்பு என்னுது.”

“ஏன் கையெழுத்து வாங்கல?”

“அவர்கூடப் பேசல.”

இதைவிடச் சுருக்கமாக அவருக்கு யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் என் பெயருக்கு வந்தது. புதுச் செல்லை எடுத்து அந்த அளவுக்கு வளர்க்க இன்னும் நாற்பது நாள் ஆகும்.

வெளியே வந்ததும், “எதுக்கு நீ மாட்டிக்கிட்டே?” என்றார்.

“பேசாதீங்க. வயித்தெரிச்சல்ல இருக்கேன்.”

நாற்பத்தோராம் நாள் அட்டையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் தங்கை குடும்பம் வந்து மூன்று வாரம் ஆகிறது, என் கோபம் துளிகூடக் குறையவில்லை. அட்டையை நீட்டினேன்.

“முப்பத்து மூணு. கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். அதே கோணல் கையெழுத்து. நானே கொண்டுபோய்க் கலனில் மாட்டினேன்.