படகின் முன் இருக்கை

...முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பது முதுகுக்கு எப்படித்தான் தெரிகிறதோ, அதற்குக் கண்ணும் இல்லை காதும் இல்லை, ஆனாலும் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஓர் இடம் விறைத்துக்கொண்டு நிற்கிறது, இதோ கத்தப் போகிறான், இதோ கத்தப் போகிறான் என்று. ஃபிர்மான் இன்னும் கத்தவில்லை. பாலத்தடியில் படகைத் தள்ளி ஏறியதிலிருந்து ஒரு தொண்டைச் செருமல், ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். இந்த ஆற்றில் வருஷக்கணக்காகப் படகு வாடகைக்கு விடுகிறவள் நான், கோடை முழுக்கக் காலையில் வந்து நிற்கும் தம்பதிகளிடம், முன்னால் இருப்பவர் கையில் வேகம், பின்னால் இருப்பவர் கையில் திசை, யார் பின்னால் என்பதை இங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நடு ஆற்றில் வேண்டாம் என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறவள், அப்படிப்பட்ட சிதோனி இன்று தன் சொந்தப் படகில் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஊருக்குத் தெரிந்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். "ஒரே ஒரு தடவை, கேப்டனம்மா, நான் பின்னால உக்காந்துக்கறேனே" என்று தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்டான், ஐம்பத்தாறு வயசு ஆள், அக்ரூட் தோப்புக்காரன்... முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் கால் முன்னால் போய் ஏறிவிட்டது. என் கால்கள் என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை.

ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும், இங்கிருந்து பார்த்தால் ஆறு வேறு ஆறு. பின்னால் உட்கார்ந்தால் முதலில் யாராவது ஒருவருடைய முதுகு, அதைத் தாண்டித்தான் தண்ணீர். இங்கே எனக்கு முன்னால் யாருமே இல்லை. தோர்தோன் ஆறு மொத்தமும் எனக்கே, அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது, மீன்கொத்தி ஒன்று நீலமாகக் கிழித்துக்கொண்டு போகிறது, மேலே ஆட்களைச் சுமந்த காலைப் பலூன்கள் மூன்றோ நான்கோ, அதில் ஒன்று எங்கள் ஊர் ரோக்பெல் கோட்டையின் கோபுரத்தில் உட்காரப் போவதுபோல் தொங்குகிறது. எதிர்க்கரைப் பாறைமேல் ஃபிர்மானுடைய ஊர் மோன்வெர், அதற்கும் ஒரு கோட்டை, நூறு வருஷச் சண்டையில் இங்கிலாந்துக்காரனோடு சேர்ந்துகொண்ட ஊர், இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஊர்க்காரர்களை இங்கிலீஷ்காரன் என்றுதான் சொல்வோம். நேற்று ரொட்டி வாங்கப் போனபோது பேக்கரி ஜினெத்கூட விடவில்லை. "நூறு வருஷம் கல்லெறிஞ்சும் நம்ம கரையிலேருந்து ஒரு கோழியத் தூக்க முடியல அவனுங்களால, நீ என்னடான்னா தானாப் படகேறிப் போற" என்றாள். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், போகிறேன் என்று யார் சொன்னது, சாப்பிடத்தானே... சாப்பிடத்தானா? அப்படியானால் காலுக்கடியில் சாமான் வைக்கும் நீல டிரம்முக்குள் அக்ரூட் கேக்கோடு ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலும் துண்டில் சுற்றி எதற்கு? விருந்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது, அதற்காக. அதற்காக மட்டும்தான்.

பாறைச் சுவரில் யாரோ கயிறு கட்டி ஏறுகிறார்கள், கீழே நிற்பவன் "இடது கால், இடது கால்" என்று கூவுகிறான், என் தோள் தானாகத் துள்ளியது. ஆர்மான் குரல் அது. இல்லை, ஆர்மான் துலூஸ் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இது வேறு யாரோ. ஆர்மானோடு வாழ்ந்த நாளெல்லாம் நான் முன் இருக்கை, அவன் பின்னால், இடது, இடது, உன் இடது எது என்றே உனக்குத் தெரியாதா... ஆற்றில் மட்டுமா, சமையலறையில், காரில், அம்மாவின் சாவு வீட்டில்கூட. என்னை விட்டுப் போகும்போதும் நான் அவன் பைகளை வேனில் அடுக்கிய விதம் தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் போனான். மறுநாள் காலையில் படகை எடுத்துப் பின்னால் உட்கார்ந்தேன், தனியாக, படகின் மூக்கு அந்தரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது, காற்றில் படகு வட்டம் அடித்தது, நான் அழவில்லை, பாட்டுப் பாடினேன். அந்த இடத்தை அதற்குப் பிறகு யாருக்கும் கொடுத்ததில்லை. இன்றுவரை.

எல்லாம் அந்தச் சூப்பால் வந்தது. போன ஞாயிறு ஃபிர்மான் வீட்டில் பூண்டு சூப்பு, அவன், அவன் அக்கா லெயோனி, நான். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போது சிவப்பு ஒயினை ஊற்றிக் கலக்கி, இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பதில் இரு கரைக்கும் சண்டை இல்லை. அவரவர் கிண்ணத்துக்கு அவரவர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் ஒருவர் கிண்ணத்தில் இன்னொருவர் ஊற்றினால் அது புருஷன் பெண்டாட்டி மட்டும்தான், எனக்கும் தெரியும், அவன் அப்பா அப்படித்தான் செய்வாராம். ஃபிர்மான் எழுந்து வந்தான், பாட்டிலை என் கிண்ணத்தின்மேல் சாய்த்தான், மேஜை விரிப்பில் இரண்டு சொட்டு. லெயோனி கரண்டியைக் கீழே வைத்தாள். நான் என்ன சொன்னேன்? வேன் ஓட்ட வேண்டும் என்றேன்! ஒரு மனிதன் வாழ்க்கையை என் கிண்ணத்தில் ஊற்றுகிறான், நான் வேனைப் பற்றிப் பேசுகிறேன். "வேன் எங்கயும் ஓடிப்போயிடாது, சிதோனி" என்றாள் லெயோனி மெதுவாக. நான் குடிக்காத சூப்பு அப்படியே கிண்ணத்தில் ஆறிப்போனது. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அவன் சொன்னான், அடுத்த ஞாயிறு ஆற்று வழியா வருவோம், நடு ஆற்றுத் தீவுக்கு வலப்பக்கம் போனால் எங்கள் கரை, மேஜையில் மறுபடி சூப்பு இருக்கும், இடப்பக்கம் போனால் உன் துறை, அங்கே இறக்கிவிட்டு நான் நடந்து போய்விடுகிறேன், அதற்கப்புறம் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று. வாரம் முழுக்க எனக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

பொறு... இப்போதுதான் உறைக்கிறது. பின்னால் இருப்பவன் கையில்தானே திசை? திருட்டுப் பயல். பதிலை என்னிடம் விடுவதாகச் சொல்லிவிட்டு, பின் இருக்கையைத் தொப்பி சுருட்டிக் கேட்டு வாங்கி, நேரே தன் கரைக்குக் கொண்டுபோகப் பார்க்கிறானா? திரும்பி, மரியாதையாக இடம் மாறு என்று சொல்ல இருந்தேன், அந்த நேரம் பார்த்துப் படகு கோணிக்கொண்டு வில்லோ புதருக்குள் நேராகப் புகுந்தது. என் வாயில் இலை, முடியில் சிலந்தி வலை, மடியில் ஒரு தவளைக்குஞ்சு. தோள் விறைத்துக் காத்திருந்தது, வா, கத்து, என் இடது எது என்று கேள். பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "தப்பு என்னோடதுதான். மோரிசெத்கிட்ட மூணு பாடம் படிச்சேன், புதர் வந்தா என்ன செய்யணும்னு அவ சொல்லித் தரல."

மோரிசெத்! ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் படகுக்காரி, என் பரம எதிரி, அவளிடமா போய்க் கற்றுக்கொண்டான், என் பின்னால் உட்கார வேண்டும் என்பதற்காக? சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது, நிற்கவில்லை, படகு ஆடியது, அவனும் சிரித்தான், தண்ணீர் உள்ளே வந்தது, புதருக்குள் இரண்டு கிழங்கள் ஈரக் காலோடு சிரித்துக்கொண்டிருக்க, கடந்துபோன டச்சுக் குடும்பம் ஒன்று மரியாதையாகக் கையசைத்தது. நான் சந்தோஷமாக இருக்கிறேன், ஆமாம், இதற்கு வேறு பெயர் இல்லை. புதரைக் கையால் தள்ளி வெளியே வந்தோம், நீரோட்டம் எடுத்துக்கொண்டது, வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து கண்ணைக் கூச வைத்தது, துடுப்பை இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று போட்டுக்கொண்டே போனேன், எதைப் பற்றியும் யோசிக்காமல், கேக் நனைந்திருக்குமா என்பதைத் தவிர.

தீவு எப்போது வந்தது, எப்போது பின்னால் போனது... நிமிர்ந்து பார்த்தால் அடியில் மணல், இரு பக்கமும் ஆல்டர் மரம், மேலே மோன்வெர் கோட்டைச் சுவர் தலைக்கு நேராக. வலப்பக்கம். வலப்பக்கத்தில் இருக்கிறோம். பூண்டு வதங்கும் வாசனைகூட வருகிறதோ என்னவோ.

"நீதானே திருப்பின?" என்றேன், முன்னால் பார்த்தபடியே.

"துடுப்பு என் மடியில இருக்கு, கேப்டனம்மா. தீவு கண்ணுல பட்டதுலேருந்து."

பொய் சொல்கிறானா? ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும், மடியில் துடுப்பு இருக்கிறதா, அது காய்ந்திருக்கிறதா என்று. என் கைகளைப் பார்த்தேன், துடுப்பு இடப்பக்கம் இறங்கி நிற்கிறது, இடப்பக்கம் போட்டால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், குழந்தைக்குக்கூடத் தெரியும், அதை நானே தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். திரும்பவில்லை நான். தோள்பட்டைகளுக்கு நடுவில் அந்த இடத்தைத் தேடினேன், விறைப்பு இல்லை, வெயில் மட்டும் சூடாகப் படிந்திருந்தது. எப்போது விட்டது? புதருக்கு முன்னாலா, பின்னாலா, இல்லை, பாலத்தடியில் கால் தானாகப் போய் ஏறியபோதே விட்டுப்போயிற்றா... எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை, படகின் அடி மணலில் உரசுகிறது, கரையில் லெயோனி கரண்டியும் கையுமாக நிற்கிறாள்.