கோபுரத்துக்கு அடியில் நிற்பவர்கள்

கிழக்கு வெளுக்கும் முன்பே எட்மரின் தோளில் ஆள் ஏறியாகிவிட்டது. ஏறியவள் அனாலின். அவள் பாதம் அவன் காறை எலும்பில் அழுந்தி, அங்கிருந்து அவனுடைய உள்ளங்கைக்கும் பக்கத்தில் நின்ற ஜூமாரின் உள்ளங்கைக்கும் இறங்கும். இருவரும் முட்டியை மடக்கி, மூச்சை ஒரே வீச்சில் விட்டு, அவளை ஆகாயத்துக்கு எறிய வேண்டும். எறிந்தவளைப் பிடிக்க வேண்டும். பிடித்த கையோடு மறுபடி எறிய வேண்டும். கரும்பாலைப் பக்கமிருந்து பாகு நெடி வந்துகொண்டிருந்தது. கீழே வெறும் சிமெண்டுத் தளம்.

மெத்தை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, பேஷாக இருந்தது. நீல நிறத்தில், புத்தம் புதிதாக, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் உள்ளரங்கத்தில் சுருட்டி நிறுத்தியிருந்தார்கள். ஆள்மேல் ஆளாகக் கோபுரம் கட்டி ஆடுகிற சியர் டான்ஸ் போட்டி இந்த வருடம் தீவிலேயே அரன்சால்வோ பல்கலைக்கழகத்தில்தான். தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள். அதற்குள் வேர்வை பட்டால் மெத்தையின் நிறம் மங்கிவிடும் என்று பல்கலைக்கழகத்தின் தலைவி மேடம் அரன்சால்வோ உத்தரவு போட்டிருந்தார். பிள்ளைகளின் மண்டை உடைந்தால் அந்த அம்மாளுக்குப் பரவாயில்லை.

குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள். சம்பளம் கட்டாமல் படிக்கலாம், பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் அறையில் ஒரு கட்டில், இரண்டு வேளைச் சோறு. அதற்கு விலையாக விடியலில் பயிற்சி, நடுவில் வகுப்பு, மாலையில் மறுபடி பயிற்சி. ஒரு பாடத்தில் தோற்றால் வெளியே, ஒரு பயிற்சிக்கு வராவிட்டாலும் வெளியே. போன மாதம் சோற்றையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

"பறக்கறவங்க பஞ்சு மாதிரி இருக்கணுமாம். மேடம் சொல்லிட்டாங்க" என்றார் கோச் ரெனாந்தோ.

"அப்ப தாங்கறவங்க எப்படி இருக்கணும் கோச்?" என்று ஜூமார் கேட்டான்.

"வாய மூடிக்கிட்டு இருக்கணும்."

அன்று காலை தோளில் நின்றபடியே அனாலின் குனிந்து பார்த்தாள். "மானோங், கை நடுங்குது. காதலா, பசியா?"

"பசிதாண்டி. காதலிக்கணும்னா இன்னும் ரெண்டு கப் சோறு வேணும்" என்றான் எட்மர். அவள் அவனுக்கு ஒரு வகுப்பு கீழே. கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல மானோங் என்றுதான் கூப்பிடுவாள்.

காப்பிக் கோப்பையோடு வந்த மேடம் நிழலில் நின்று பார்த்தார். "இன்னொரு தடவை."

"பிள்ளைங்களுக்கு இன்னைக்குப் பரீட்சை மேடம்" என்று கோச் இழுத்தார்.

"பரீட்சைய எந்த டிவியில காட்டறாங்க ரெனாந்தோ? இன்னொரு தடவை. இன்னும் உயரமா."

எறிந்தார்கள். அனாலின் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். அவள் இறங்கும்போது எட்மருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீட்டிய கையில் அவள் இடுப்பு பட்டது, வழுக்கியது. தேங்காய் விழுந்தாற்போல் ஒரு சத்தம்.

அவள் அழவில்லை. மல்லாந்து கிடந்தபடி ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டாள்: "மானோங், என் கால் மேல யாரு நிக்கறா? இறங்கச் சொல்லு."

யாரும் நிற்கவில்லை.

"ஃபோட்டோ எடுக்காதீங்க" என்றார் மேடம். "ஓரமாத் தூக்கிட்டுப் போங்க."

முதுகெலும்பில் அடி. நடப்பாளா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிச் செலவில் முதல் நாளையதை மட்டும் பல்கலைக்கழகம் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. மறுநாள் மாதா கோயிலில் அனாலினுக்காகப் பூசை நடந்தது. மேடம் வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஆடு நனையுதே என்று ஓநாய் அழுத கதைதான். பூசை முடிவதற்குள் காவலாளி அனாலினின் துணிமணிகளை நூடுல்ஸ் அட்டைப்பெட்டியில் அள்ளிப்போட்டு வாசலில் வைத்துவிட்டார். சாயங்காலம் அவள் கட்டிலில் கிறிசெல்டா என்ற மலைக்கிராமத்துப் பெண் வந்து உட்கார்ந்தாள். புதிதாகப் பறக்க வந்தவள்.

அனாலினின் அப்பா அரன்சால்வோ தோட்டத்தில்தான் கரும்பு வெட்டுகிறார். இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடத்தின் அறைக்கு வந்தார். துணைக்கு எட்மர் போனான்.

"உன் பொண்ணு ராத்திரி பூரா ஃபோன் பாத்துட்டுத் தூங்காம வந்திருக்கா. இப்ப கெட்டுப்போனது எங்க பேரு" என்றார் மேடம்.

பெரியவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். "மன்னிச்சிடுங்க மேடம். சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்டா."

மகள் கால் போய்க் கிடக்கிறாள், அப்பன் மன்னிப்புக் கேட்கிறார்! இப்படியும் ஒரு அநியாயம் உண்டா?

பெரியவர் வெளியே போனதும் மேடம் அவன் பக்கம் திரும்பினார். "பிடிக்காம விட்டவன் நீதான்னு ஊருக்கே தெரியும். உன்னை அனுப்பறது எனக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனா விசாரணைன்னு வந்தா, அவதான் தப்பாச் சுத்தினான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. படிப்பு முடியற வரைக்கும் உன் இடம் பத்திரம். கேப்டனும் நீதான்."

"என் கைதான் விட்டுச்சு மேடம். அத எங்க வேணாலும் சொல்றேன்."

"புத்திசாலி மாதிரிப் பேசு."

"கை ஏன் விட்டுச்சுன்னும் சொல்லுவேன். சோறு இல்ல. கீழ மெத்தை இல்ல. போதும்னோம், நீங்க இன்னும் உயரமான்னீங்க."

"கரும்பு வெட்டப் போக வேண்டியவனுக்குப் புத்தகத்தக் குடுத்தா இப்படித்தான் நாக்கு நீளும்" என்றார் மேடம். கோபமே இல்லை அந்தக் குரலில். "காலையில கிறிசெல்டா ஏறணும். தூக்காதவன் பெட்டியக் கட்டிக்கலாம்."

குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தவர்களிடம் எட்மர் நடந்ததைச் சொன்னான்.

"வெளிய போனா எங்கம்மாகிட்ட என்னத்தடா சொல்லுவேன்?" என்றான் ஜூமார். "எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்."

"நானும்தான். அனாலினும்தான். நாளைக்கு நாம கிறிசெல்டாவத் தூக்குவோம், அவளும் விழுவா, அவ கட்டிலுக்கு இன்னொருத்தி வருவா. இதுக்கா உன்னைப் படிக்க அனுப்பினாங்க?"

"நம்ம பத்துப் பதினைஞ்சு பேரால என்னடா ஆகும்?"

"ஒருத்தன் நகர்ந்தா கோபுரம் விழுது. எல்லாரும் நகர்ந்தா கட்டவே முடியாது. போட்டி நடக்கப் போறது அவங்க வீட்டு வாசல்லடா, நம்ம வீட்டு வாசல்ல இல்ல."

ஜூமார் சட்டையைப் பிழிந்து பிழிந்து பார்த்தான். பிழிய அதில் ஒன்றுமில்லை. "சரி" என்றான் கடைசியில்.

விடியலில் தளத்தில் எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். பாட்டுப் போட்டார்கள். கோச் கைதட்டித் தாளம் கொடுத்தார். ஒரு கையும் நீளவில்லை. கோச் மறுபடி தட்டினார். மூன்றாம் முறை அவர் கையே எழவில்லை.

கிறிசெல்டாவுக்குத்தான் முதலில் புரிந்தது. எட்மரிடம் ஓடிவந்தாள். "மானோங், தூக்குங்க. நான் நல்லாப் பறப்பேன், சத்தியமா. எங்கப்பா எருமைய வித்துத்தான் பஸ் ஏத்திவிட்டாரு. எனக்கு இந்த எடம் போச்சுன்னா வேற நாதியில்ல." அவன் அசையவில்லை. அவள் அழுதுகொண்டே அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "உங்களுக்கென்ன, மூணு வருஷம் தின்னுட்டீங்க! நான் வந்து ரெண்டு நாள்தான் ஆகுது!"

காப்பிக் கோப்பையோடு ஓரமாக நின்ற மேடம் சிரித்தார். "பாத்தியா எட்மர்? ஏழைங்களுக்காகப் பேசறியே, இவ பணக்காரியா?"

அந்தக் குத்து எட்மருக்கு வலித்தது. மேடத்தின் பேச்சு அதைவிட வலித்தது. கிறிசெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "உன்மேல கோவமில்லம்மா. உன்னைப் பிடிக்க என் கையில பலமில்ல. அனாலினையே நான் பிடிக்கல."

கிறிசெல்டா அழுகையை நிறுத்திக் கீழே தளத்தைப் பார்த்தாள். "அந்த அக்காவுக்கு இன்னும் கால் வரலையா?"

"வரல."

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து வந்த கழுதை, நீயுமா?" மேடத்தின் முகம் முதல் தடவையாகக் கறுத்தது. "மத்தியானத்துக்குள்ள ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாது!"

மத்தியானத்துக்குள் பெட்டிகளெல்லாம் வெளியே வந்துவிட்டன. ஆனால் ஒருவரும் பஸ் ஏறவில்லை. வாசலுக்கு நேரே, கொதிக்கிற தார்ச்சாலையில், பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். அனாலினின் அட்டைப்பெட்டி கிறிசெல்டாவின் மடியில் இருந்தது. பரீட்சை முடித்து வந்த மாணவர்கள் நின்று விசாரித்தார்கள். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கறியும் சோறுமாகத் தின்று வளர்கிற கூடைப்பந்து ஆட்டக்காரர்களும் ஒதுங்கித்தான் போனார்கள். பிறகு அதில் இரண்டு பேர் திரும்பிவந்து, பையைத் தலைக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, ஜூமாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து நர்ஸிங் மாணவிகள் சிலர். கோச் வாசல்வரை வந்தார், நின்றார், திரும்பிப் போய்விட்டார்.

உள்ளேயிருந்து மேடத்தின் கார் வந்து முட்டாத குறையாக நின்றது. ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடி இறங்கியது.

"எத்தனை நாளைக்கு உக்காருவீங்க?"

"போட்டிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு மேடம்?" என்று ஜூமார் கேட்டான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அனாலின் விழுந்ததிலிருந்து அந்தக் கூட்டத்தில் யாரும் சிரித்திருக்கவில்லை.

"என்னதாண்டா வேணும் உங்களுக்கு?"

எட்மர் எழுந்தான். "அனாலினோட வைத்தியம் முழுக்க உங்க செலவு. அவ நடந்தாலும் நடக்காட்டியும் படிப்பு அவளுக்கு உண்டு. அவ கட்டில் அவளுக்கே வேணும்."

மேடத்தின் உதடு கோணியது. பார்வை மடியில் பெட்டியோடு இருந்தவளிடம் போயிற்று. "அப்படியா? அந்தக் கட்டில அவளுக்குக் குடுத்துட்டா நீ எங்கடி படுப்ப?"

எல்லாரும் கிறிசெல்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பெட்டியை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு இன்னொரு கட்டில் போடுங்க மேடம்" என்றாள்.

கண்ணாடி ஏறியது. கார் பின்னால் நகர்ந்து, வந்த வழியே உள்ளே போயிற்று. யாரும் கைதட்டவில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் புத்தகங்களோடு இன்னும் சிலர் தயங்கி நின்றார்கள். எட்மர் தன் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு அவர்களுக்கு இடம் விட்டான்.