பின் அச்சின் முனகல்

சுஜிதனுக்குத் தன் காதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. பிக்கப் வண்டி முனகத் தொடங்கிய அன்றைக்கே, "இது மச்சான்ர காலத்துப் பழுது. மறைச்சு என்ர தலையில கட்டிப்போட்டார்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். பெண்சாதியிடம் சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போனை எடுத்து மச்சானுக்கே அதைச் சொன்னான்.

மச்சான் என்றால் பெண்சாதி பிரியந்தினியின் அண்ணன் ரூபன். உடையார்கட்டில் இருக்கிறான். லொறி வாங்கியபிறகு பிக்கப் சும்மா நிற்கிறதே என்று தங்கையின் குடும்பத்துக்குக் கொடுத்தான். பதிலுக்குச் சுஜிதனின் பழைய உழவு மெஷினை எடுத்துக்கொண்டான். நாலு சில்லும் சுழன்று இழுக்கிற பிக்கப். ஸ்கந்தபுரத்தில் மாரி மழைக்குச் சேறும் வெள்ளமுமாகக் கிடக்கும் வயல் பாதைக்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது. போன மாரி முழுக்க மச்சானைப் புகழ்ந்துகொண்டு திரிந்த மனிதன், ஒரு முனகல் கேட்டதும் அவனைக் கள்ளனாக்கிவிட்டான். ரூபன் போனை வைத்துவிட்டான்.

வருகிற வெள்ளிக்கிழமை மகளுக்குக் காது குத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்தித்தான் குத்தவேண்டும். அதற்குப் புருசனும் பெண்சாதியுமாக வெற்றிலை பாக்கோடு மாமன் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும். போனில் சொன்னால் அது சொன்னதாகாது. தாய் தகப்பன் இல்லாமல் அண்ணன் கையில் வளர்ந்தவள் பிரியந்தினி. அவன் வராத காது குத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"அவற்ற வாசல் மிதிக்கமாட்டன்," என்றான் சுஜிதன். "என்ர தமையன்ர மடியில இருத்துவம்."

"உங்கட தமையன் பிள்ளைக்குப் பெரியப்பா. மாமன் ஆகேலாது."

"சரி, பழுது எப்ப வந்ததெண்டு கராஜ் தவராசா அண்ணை சொல்லட்டும். என்ர கையில வந்த பிறகு வந்த பழுதெண்டா, நானே வெற்றிலை கொண்டு போறன்."

இந்த வாக்கைப் பிரியந்தினி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, அவன் கூப்பிடாமலே பிக்கப்பின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தவராசாவின் கராஜ் பரந்தன் சந்திக்குக் கிட்ட. ரூபனின் காலத்திலிருந்தே அந்தப் பிக்கப்பைப் பார்க்கிறவர் அவர்தான். வருகிறவர்கள் வியாதியையும் தாங்களே சொல்லி, மருந்தையும் தாங்களே சொல்வது அவருக்கு அறவே பிடிக்காது.

"அண்ணை, இது கியர் பொக்ஸ்," என்று தொடங்கினான் சுஜிதன்.

"அப்ப நீரே கழட்டும், நான் போய்ச் சாப்பிடுறன்."

சுஜிதன் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறினான். தவராசா ஸ்டியரிங்கில் ஏறினார். முதலில் நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தார். முனகல் இல்லை. புதுக்குடியிருப்பு றோட்டில் இறக்கி வேகம் எடுத்தார். வேகம் ஐம்பதைத் தொட்டதும், காதுக்குள் நுளம்பு புகுந்த மாதிரி அது தொடங்கியது. அக்ஸிலேற்றரை மிதித்தால் குரல் ஏறியது. காலை எடுத்தால் மெலிந்தது, ஆனால் ஒழியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்குத் தட்டி, வண்டியைத் தன்பாட்டில் உருளவிட்டார். அப்போதும் பின்னால் முனகியது.

"எஞ்சினுமில்லை, கியர் பொக்ஸுமில்லை," என்றார்.

சுஜிதன் வெளியே பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பிறகு ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் திருப்பினார். தார் றோட்டை விட்டதும் ரயரின் சத்தம் மாறியது, முனகல் மாறவில்லை. ஆகவே ரயரும் இல்லை. முன் சில்லுகளையும் இழுக்கப் போட்டுப் பார்த்தார். கூடவுமில்லை, குறையவுமில்லை. பின் இருக்கையில் இருந்த பிரியந்தினி ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். எது போனாலும் போகட்டும், அண்ணனின் பெயர் மட்டும் மிஞ்சட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"பின் அச்சு," என்று தவராசா வண்டியைக் கராஜுக்குத் திருப்பினார்.

ஜக் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். சுஜிதன் சந்திக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனான். தவராசா அச்சின் அடியில் வாளியை வைத்து ஒயில் பூட்டைக் கழற்றி ஒயிலை வடித்தார். உள்ளே விரலை விட்டுத் தடவியவர், எழும்பி வாளியைப் பார்த்தார், றோட்டைப் பார்த்தார். பிறகு பழைய சாக்கொன்றை எடுத்து வாளியின் மேல் போட்டார். பிரியந்தினி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாக்கு மூடுவதற்கு முன் ஒயிலையும் பார்த்துவிட்டாள். பால்தேத்தண்ணியின் நிறத்தில் இருந்தது.

சுஜிதன் வந்ததும், "பெயரிங் போச்சுது தம்பி," என்றார் தவராசா. "கனகாலப் பழுது. ரூபன்ர காலத்திலயே தொடங்கியிருக்கவேணும்."

"நான் சொன்னனான்தானே!" சுஜிதனின் முகம் மலர்ந்து போயிற்று. "கேட்டுதே பிரியந்தினி?"

அவளுக்குக் கேட்டது. அண்ணன் அப்படிச் செய்வானா? ஒரு கணம், ஒரேயொரு கணம், செய்திருப்பானோ என்றுகூட நினைத்துவிட்டாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு சாக்கை இழுத்து எறிந்தாள்.

"அப்ப இதென்ன அண்ணை? ஒயில் ஏன் இப்பிடி இருக்கு?"

தவராசா கையிலிருந்த ஒயிலைத் துணியில் துடைத்தார். அவள் குந்தி இருந்து அச்சின் மேல்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு சின்ன மூடியின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை, கல்லாக இறுகிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதைத் தெரியும். போன மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து, வயலுக்குப் போகும் றோட்டுக்கு மேலால் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. சுஜிதன் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்து, இந்த ஓட்டையால்தான் தண்ணீர் உள்ளே போகும் என்று கண்டுபிடித்தான். தண்ணீர்த் தாங்கியின் வெடிப்புக்கு வைக்கிற பசை மிச்சம் இருந்தது. றொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு நின்றவள்தான் அதையும் குழைத்துக் கொடுத்தாள். தன் கெட்டித்தனத்தை அவன் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தான். பிறகு அந்த மாரி முழுக்க அச்சு மூழ்க மூழ்க வெள்ளத்துக்குள் ஓடினான்.

"இந்த மூடி எதுக்கண்ணை?"

தவராசா தலையைச் சொறிந்தார். ஆனால் தொழிலில் ஒரு கேள்வி கேட்டால் பிழையான பதில் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. "அச்சு மூச்சு விடுற வழி. ஓடிச் சூடான அச்சு குளிர்த் தண்ணிக்குள்ள இறங்கினா உள்ளுக்கு இருக்கிற காத்துச் சுருங்கும். அதால மூச்சு எடுக்கேலாட்டி ரப்பர் சீலால தண்ணியை உறிஞ்சும். தண்ணி கலந்தா ஒயில் இப்பிடி வெளுக்கும், பெயரிங்கும் போகும். வெள்ளத்தில ஓடுற ஆக்கள் அதுக்கு ஒரு குழாய் பூட்டி மேல எடுத்து விடுறவை. அடைக்கிறேல்லை."

"அதை அடைச்சது அண்ணா இல்லை," என்றாள் பிரியந்தினி. புருசனை இன்னொருவர் முன்னால் இப்படித் தலைகுனிய வைப்பது அவளுக்குப் பயமாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. "நாங்கள்தான். நான் குழைச்சுக் குடுத்தன், இவர் ஒட்டினவர்."

சுஜிதனும் குனிந்து அந்த உருண்டையைப் பார்த்தான். எழும்பினான். றோட்டுக்கு இறங்கி நடந்தான்.

வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். இனி வெள்ளிக்கிழமையுமில்லை, காது குத்துமில்லை என்று கதிரையில் சரிந்து இருந்தாள். தவராசா கழற்றிய நட்டுகளைத் துடைத்துத் துடைத்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்சத்தால் சுஜிதன் திரும்பி வந்தான். கையில் கடதாசியில் சுற்றிய வெற்றிலை பாக்குச் சரை.

"வாரும்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "உடையார்கட்டுப் பஸ் வரப்போகுது."

ரூபன் முற்றத்தில் லொறியைக் கழுவிக்கொண்டு நின்றான். சுஜிதன் கேற்றடியிலேயே சரையை நீட்டினான்.

"மச்சான், பழுது என்னில. மூச்சு விடுற வழியை அடைச்சது நான். அண்டைக்குக் கதைச்ச கதையை மனசில வைச்சிருக்காதேங்கோ."

ரூபன் சரையை வாங்கவில்லை. திகைத்துப்போய் நின்றான். "தவராசா அண்ணை ஒண்டும் சொல்லேல்லையோ? பழுது எதெண்டாலும் என்ர காலத்துப் பழுதெண்டு சொல்லச் சொல்லி நான் அவருக்குப் போன் எடுத்தனான்."

"சொன்னவர். உங்கட தங்கச்சிதான் விடேல்லை."

வாளியை மூடிய சாக்கின் அர்த்தம் பிரியந்தினிக்கு இப்போதுதான் விளங்கியது. ரூபன் அவள் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டான். "உனக்கென்ன விசரே? நீ இவரோட சீவிக்கவேணும். எனக்கொரு கெட்ட பேர் வந்தா வந்திட்டுப் போகட்டும். நான் வராட்டிலும் பிள்ளைக்குக் காது குத்துப்படும்தானே?"

அழக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்து வைத்திருந்தாள். முடியவில்லை.

"குத்துப்படும் அண்ணா," என்றாள். "ஆனா குத்தேக்க பிள்ளை பயந்து கத்துமே, அப்ப அது ஆரைப் பிடிச்சுக்கொண்டு கத்துறது?"

ரூபன் தண்ணீர்க் குழாயை நிலத்தில் போட்டான். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வந்து, வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கினான்.