கோல்கீப்பரின் நோட்டு

புரியாத விஷயம் ஒன்று கண்ணில் பட்டால், அதைக் கிளறாமல் எனக்குத் தூக்கம் வராது. ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்ப்பவளுக்கு இது வசதியான குணம்தான். கம்பெனிகளுக்கு இடையேயான கால்பந்துப் போட்டிக்கு டீம் சேர்க்கும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள். கால்பந்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டையாக இருக்கும் என்பது மட்டுமே.

கோல்கீப்பர் தேடாமலே கிடைத்தார். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் இருந்த நாங்குநேரிக்காரர் வனமாமலை, வயது முப்பத்தொன்று. டிவியில் காட்டாத சின்ன லீக்குகளில் ஒன்பது வருடம் சம்பளத்துக்கு ஆடியவர். பெங்களூர், கொல்கத்தா, கோவா, சென்னை என்று ஆறு கிளப்.

"எதுக்கு அத்தனை ஊர்?" என்று கேட்டேன்.

"ஒரு டீமுக்கு ஒரு கீப்பர்தான மேடம். எங்க ஒருத்தனுக்குக் கை ஒடியுதோ, அங்க எனக்கு வேலை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கீப்பருக்குக் கைதானே முக்கியம்?"

"தொண்ட மேடம். முன்னால நிக்கவனுக்கு முதுகுல கண்ணு கிடையாது. நான் சொல்லுதத வச்சுத்தான் அவன் காலு அசையும்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஊருக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் அந்த ஊர்ப் பாஷையில் இரண்டே கத்தல்கள்: 'என் பந்து', 'விடு'. கன்னடம், பெங்காலி, கொங்கணி எல்லாம் தமிழ் எழுத்தில். எந்த கிளப்பில் சேர்ந்தாலும் முதல் நாளே அந்த இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்வாராம். தமிழுக்குப் பக்கம் இல்லையே என்றேன்.

"தமிழ எதுக்கு மேடம் எழுதணும்?"

அதுவும் சரிதான் என்று தோன்றியது.

போட்டியைப் பார்க்கச் சென்னை கிளப் ஒன்றின் கோச் கண்ணப்பன் வருவதாக இருந்தது. வனமாமலைதான் போன் மேல் போன் போட்டு வரச் சம்மதிக்க வைத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு சீசன் ஆட வேண்டும், இதை விட்டால் இந்த வயதில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார். அப்படிப்பட்டவர், டீம் லிஸ்டில் ஸ்டாப்பராக இளம்பரிதி பெயரைப் பார்த்ததும், கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஸ்டாப்பர் என்றால் கீப்பருக்கு நேர் முன்னால் நின்று தடுப்பவர்.

"அவன் நின்னா நான் நிக்க மாட்டேன்."

நான்கு வருடத்துக்கு முன் இருவரும் சென்னையில் ஒரே கிளப். சீசனின் கடைசி ஆட்டம்.

"'விடு'ன்னு கத்துனேன். ஓங்கி உதைச்சான், எங்க கோலுக்குள்ளயே. டீம் கீழ் டிவிஷனுக்குப் போயிட்டு. ஆட்டத்த வித்துட்டான் மேடம்."

"அவரையே கேட்டீங்களா?"

"கேக்கதுக்கு என்ன இருக்கு?"

எனக்கு இருந்தது. நேராக இளம்பரிதி வேலை பார்த்த பெயின்ட் ஷாப்புக்குப் போனேன். அவர் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்துக்காரர். அன்றைக்கு ஏன் உதைத்தீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா மேடம் இது? கீப்பரே 'வுடு'ன்னு கத்தினாரு, வுட்டேன்."

"தொடாதேன்னுதானே அவர் சொன்னார்?"

"தொடாதயா? 'வுடுறா ஒன்னு'ன்னா எங்க பசங்க இன்னா பண்ணுவாங்க? ஓங்கி உதைப்பாங்க. எனக்குக் கால் வழுக்கி உள்ள பூந்துகிச்சு. அப்பால எவனோ நான் துட்டு வாங்கிட்டேன்னு கிளப்ல சொல்லிட்டான். ஒரு டீமும் சேத்துக்கல. எவன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல மேடம்."

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லை இரண்டு அர்த்தத்திலும் தினம் கேட்கிறேன், எனக்கே உறைக்கவில்லை. கேன்டீனில் வனமாமலையிடம் சொன்னபோது, சாதத்தில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

"எவனோ இல்ல மேடம். நாந்தான் சொன்னேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊர் ஊரா அத்தனை பாஷையில கேட்டீங்களே, தமிழ்ல ஒரு வார்த்தை கேட்க வாய் வரலையா?"

அவர் தட்டோடு எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாள் லிஸ்டில் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டம் தண்டலத்தில், ஒரு காலேஜ் கிரவுண்டில் நடந்தது. நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். கடைசி நிமிடங்களில் எங்கள் கோலை நோக்கி ஒரு பந்து உயரமாக வந்தது. இளம்பரிதி காலைத் தூக்கினார். "எம் பந்து!" என்று ஒரு கத்தல், வெளியே நின்ற எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தூக்கிய கால் அப்படியே நின்றது. பந்து வனமாமலையின் கையில் இருந்தது. ஜெயித்துவிட்டோம்.

கண்ணப்பன் வந்து அவர் தோளைத் தட்டினார். "அடுத்த வாரம் வந்து கையெழுத்து போட்டுடு. அந்த ஸ்டாப்பரும் நல்லா ஆடறான். ஆட்டத்தை வித்தவனாமே, அதான் யோசனையா இருக்கு."

இளம்பரிதி இரண்டடி தள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வனமாமலை சும்மா இருந்தால் போதும், ஒரு சீசன் கையில். அவர் கிளவுஸைக் கழற்றினார்.

"அதச் சொன்னது நாந்தான் சார். பொய்யி. நான் கத்துனது அவனுக்கு வேற மாதிரி கேட்டுட்டு. தப்பு எம் பேர்ல."

கண்ணப்பன் போனை வெளியே எடுத்தார். "கத்தறது டீமுக்கே புரியாத கீப்பரை வச்சுகிட்டு நான் என்னப்பா பண்றது?" என்றார். இளம்பரிதியின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இளம்பரிதி பாட்டிலை மூடினார். "நாலு வருசம்ணே," என்றார். ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னால், என் அறை வாசலில் வனமாமலை நோட்டோடு நின்றார். புதுப் பக்கம். மேலே 'சென்னை' என்று எழுதியிருந்தது.

"மேடம், 'வுடு'ன்னா இன்னும் என்னெல்லாம் அர்த்தம் இருக்கு?"

"இனிமே எதுக்கு வனமாமலை?"

பேனா மூடியைக் கழற்றினார்.

"அன்னைக்குக் கேக்காம விட்டுட்டேன்லா."