இருபத்தாறாவது தலை

இத்தாலியில், பெருஜியா நகரத்தில் எங்கள் கல்லூரியில் ஒரு பருவம் படிக்க வரும் அமெரிக்க மாணவர்களை வெளியூர்களுக்கு அழைத்துப் போவது என் வேலை. டிக்கெட், சாப்பாடு, தலை எண்ணுவது எல்லாம் என் பொறுப்பு. பாடம் சொல்வது பேராசிரியர் கொர்ராதோ. அந்த நவம்பர் வெள்ளிக்கிழமை ரவென்னாவுக்குப் போயிருந்தோம். வண்ணச் சில்லுகள் பதித்த தேவாலயச் சுவர்களைக் காலையிலிருந்து மாலைவரை அண்ணாந்து பார்க்கவைத்து, இருபத்தாறு பேருக்கும் கழுத்துவலி வரவழைத்துவிட்டார் அவர்.

காலையில் கிளம்பும்போதே வெஸ்லி என்னிடம் வந்தான். நெப்ராஸ்காக்காரன், நெட்டைப் பையன். முந்தின நாள் இத்தாலிய வகுப்பில் ஐந்து நிமிடம் பேச எழுந்தவன், ஒரே வாக்கியத்தோடு நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். யாரோ சிரித்திருக்கிறார்கள்.

“எனக்கு இது ஒத்துவரல சிஞோரா. நான் ஊருக்கே போயிடறேன்,” என்று ஆங்கிலத்தில் சொன்னான். ‘சிஞோரா’ என்று மரியாதையாக அழைத்தது மட்டும் இத்தாலியம்.

“சாயங்காலம் பேசிக்கலாம்ப்பா. இப்ப ஏறு, நேரமாச்சு.”

அதன்பிறகு நாள் முழுக்க அவன் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. பேருந்தின் கடைசி வரிசைவரை நடந்து எண்ணினேன். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி இருக்கையில் ஒருவன் கோட்டை முகம்வரை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தான். இருபத்தாறு.

“போலாமா?” என்றார் ஓட்டுநர் நெல்லோ.

“போலாம்.”

மலைப்பாதையில் ஏறி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பின்னாலிருந்து யாரோ கொட்டாவி விட்டபடி வந்தார். பார்த்தால் இவானோ! எங்கள் இரண்டாவது ஓட்டுநர். காலையில் வண்டியை ஓட்டிவந்தவர். முன்னால் அவருக்குரிய இடத்தில், பின்னால் இருந்தால் வளைவுகளில் குமட்டும் என்று கொர்ராதோ உட்கார்ந்துவிட்டதால், மனிதர் பின்னால் போய்க் கோட்டைப் போர்த்திப் படுத்திருக்கிறார்.

“எங்க இருக்கோம்? ஒண்ணுக்குப் போகணும்,” என்றார்.

விளக்கைப் போடச் சொல்லி மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து.

“வெஸ்லி பை இங்க இருக்கு,” என்றாள் ஒரு பெண். “அவனக் காணோம்.”

வழியிலிருந்த பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினோம். அவனைக் கூப்பிட்டேன், தொலைபேசி அணைந்திருந்தது. மறுபடி கூப்பிட்டேன். ஊருக்கே போயிடறேன் என்று அவன் சொன்னது காதிலேயே நின்றது. சொல்லாமல் ரயிலேறிவிட்டானா? இந்தக் குளிரில் தெரியாத ஊரில் அலைகிறானா? அதற்குமேல் மனம் போன இடங்களை நான் சொல்லப்போவதில்லை.

கொர்ராதோ என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது, குமட்டலால் மட்டும் இல்லை. “போலீசுக்குச் சொல்லிடுவோம் ஃபியோரெல்லா. அவன் கடைசியா என் பக்கத்துலதான் நின்னான். கால் வலிக்குதான்னுகூட நான் கேக்கல.”

எண்ணை அழுத்தப்போன நேரத்தில் நெல்லோவின் தொலைபேசி ஒலித்தது. எடுத்தவர் ஒரு நிமிடம் கேட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அடிக்கலாம்போல இருந்தது எனக்கு.

“எங்க கம்பெனி வண்டிதான் சிஞோரா, இன்னொண்ணு. உம்பெர்த்தீதே ஊர்ப் பென்ஷன்காரங்கள ஏத்திக்கிட்டு நம்ம பின்னாலயே வருது. ‘உன் அமெரிக்கன் ஒருத்தன் என் வண்டியில கெடக்கான், வேணுமா வேணாமா’ன்னு கேக்குறான்.”

பக்கத்திலிருந்த பெட்டிக்கடைச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் அந்தப் பேருந்து வந்து நின்றது. எங்களுடையதைப் போலவே வெள்ளை, அதே பச்சைக் கோடு. குளிர் தாங்காமல் பேருந்து நிற்குமிடத்துக்குச் சீக்கிரமே வந்த வெஸ்லி, திறந்திருந்த கதவைப் பார்த்து ஏறிப் பின்னால் போய்த் தூங்கிவிட்டானாம். இறங்கியபோது அவன் கழுத்தில் யாருடையதோ சிவப்புக் கம்பளித் துண்டு, கையில் எண்ணெய் படிந்த காகிதப் பொட்டலம். பின்னாலேயே குட்டையான ஒரு கிழவி இறங்கினாள்; பெயர் அஸ்ஸுந்தா.

“புள்ளைய நாளெல்லாம் பட்டினி போட்டுச் சுவத்தக் காட்டினீங்களாமே?” என்றாள் என்னிடம்.

“மத்தியானம் சாப்பாடு குடுத்தோம் சிஞோரா.”

“ஒரு ரொட்டி! அது சாப்பாடா? இந்த உசரத்துக்கு?”

“நீங்க ஏறும்போது எண்ணலயா?” என்று கேட்டார் கொர்ராதோ.

“எங்கள எதுக்கு எண்ணணும்? இந்த முட்டிய வச்சுக்கிட்டு எங்க ஓடப்போறோம்?”

நான் வெஸ்லியை இழுத்துக் கட்டிக்கொண்டேன். என் உச்சந்தலை அவன் நெஞ்சுக்குத்தான் எட்டியது.

“காலைல உன்கிட்ட பேசியிருக்கணும். தப்பு என்னோடது,” என்றேன்.

“பரவால்ல சிஞோரா. முழிச்சுப் பாத்தா எல்லாம் வெள்ளத் தலை. செத்துட்டேன்னு நெனச்சேன்,” என்றான். இத்தாலிய மொழியில் சொன்னான். வினைச்சொல் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. “அப்புறம் வயசு என்ன, அம்மா என்ன செய்றாங்க, கல்யாணம் ஆச்சான்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. தப்பாச் சொன்னாலும் விடல. இன்னும் இன்னும் கேட்டாங்க.”

“ஊருக்குப் போறதா சொன்னியே?”

அஸ்ஸுந்தாவை ஓரக்கண்ணால் பார்த்தான். “ஞாயித்துக்கெழம அவங்க வீட்ல முயல்கறி. வரேன்னு சொல்லிட்டேன். அப்புறம் யோசிக்கிறேன்.”

பொட்டலத்தில் பாலாடைக்கட்டி வைத்து மடித்த சப்பை ரொட்டி இருந்தது. பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தான். அழுதுகொண்டே தின்றேன், அங்கேயே நின்றபடி. நாள் முழுக்க நானும்தான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

கொர்ராதோ தம் இருக்கையை இவானோவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயர் சொல்லி எண்ணினார். இருபத்தாறு. பின்னால் உட்கார்ந்தும் அன்று அவருக்குக் குமட்டவில்லையாம். நான் அவர் எண்ணியதை நம்பிக் கண்ணை மூடினேன். பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், பேருந்தில் ஒருநாளும் தூங்கியதில்லை. பெருஜியா வந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு நெல்லோதான் எழுப்பினார்.