மச்சினி வீட்டுச் சுடுதண்ணீர்

மதியம் கணவன் அங்கே இல்லாத நேரமாகப் பார்த்துத் தங்கை வீட்டுக்குப் போன ஆர்டிஸ், முற்றத்துச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். உட்கார்ந்து குளிக்கும் சுடுநீர்த் தொட்டியின் உறுமல் சட்டென்று அடங்கியது. திரும்பிப் பார்க்காமல் வண்டியேறினாள்.

தங்கை மார்லிஸ் கணவனை இழந்த பிறகு கட்டிய விடுமுறை வீடு அது. பனிக்காலத்தில் அவள் இருப்பது அரிசோனா வெயிலில். மின்னிசோட்டா ஏரிக்கரையில் ஆளில்லாத வீட்டில் அந்தத் தொட்டி மட்டும் ஆவி விட்டுக்கொண்டு கிடக்கும். அணைத்தால் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும். வாராவாரம் போய் மூடிமேல் பனியைத் தள்ளி, தண்ணீர் மட்டம் பார்த்து, குளோரின் போட்டு வருகிறவன் ஆர்டிஸின் கணவன் வெர்லின். ஆர்டிஸைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கோடைகாலம் மார்லிஸோடு சுற்றியவன்.

அன்று காலை அவன் சவரம் செய்துகொண்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தொட்டிக்கு மருந்து போடப் போறவனுக்கு மொகம் எதுக்குப் பளபளன்னு இருக்கணும்?"

"தாடியில பனி உறையுது, ஆர்டிஸ்."

"போன வருஷம் உறையலையா?"

இனி அந்தத் தொட்டியே இருக்கக் கூடாது என்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வெர்லினின் போன் அடித்தது. மார்லிஸ்தான். தொட்டியிலிருந்து அவள் போனுக்குத் தகவல் வருவது நின்றுவிட்டதாம். அவன் முள்கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தான். ஆர்டிஸும் கோட்டை எடுத்தாள்.

"நானும் வர்றேன்."

பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. தொட்டித் தண்ணீரில் இன்னும் சூடு இருந்தது. அடியில் மோட்டார் குழாய் ஒன்று உறைந்துவிட்டிருந்தது. வெர்லின் பக்கப் பலகையைக் கழற்றி, சின்ன ஹீட்டரை உள்ளே வைத்தான். பிறகு சுவிட்சைப் போடப் போனவன் பனியில் பதிந்திருந்த தடங்களைப் பார்த்து நின்றான்.

"இது உன் பூட்ஸ்தானே?"

அவள் ஒரு தடத்தின் மேல் காலால் பனியைத் தள்ளினாள்.

"ஏன்டி?"

"அவ கூப்பிட்டா சாப்பாட்டப் போட்டுட்டு ஓடுறியே. எனக்கு எரியாதா?"

"அவ உன்னத்தான் கூப்பிடுறா. நவம்பர்லேருந்து நீ எடுக்கறதே இல்ல. அப்புறம் எனக்கு அடிக்கிறா. முதல் கேள்வியே, அக்கா எப்படியிருக்கான்னுதான்."

கையுறையைக் கழற்றியிருந்த அவன் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. ஆர்டிஸ் அவற்றைப் பிடித்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அப்போது அவன் சட்டைப்பையில் போன் மறுபடி அடித்தது. அவளே எடுத்தாள்.

"அக்கா? நீயா?"

"நான்தான். சுவிட்ச அணைச்சதும் நான்தான்."

மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "வெர்லினுக்காகவா? அட கடவுளே! டான்ஸ் ஆடுறேன்னு என் காலை மிதிச்சே கொன்னவன்க்கா அவன்!"

ஆர்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெர்லின் அவளை ஒரு நாளும் ஆடக் கூட்டிப்போனதில்லை.

"அவன்கிட்ட குடேன், குழாயப் பத்திக் கேக்கணும்."

"அவனுக்குக் கை விறைச்சிருக்கு. எங்கிட்டக் கேளு."

வெர்லின் போனுக்காகக் கையை நீட்டினான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியின் மறுபக்கம் போய் நின்றாள்.